அப்பாவிடம் நான் கேட்ட கேள்வி

அறுபதுகளில் அப்பா பம்பாய் தாராவியில் ஒரு செருப்புப் பட்டறையில் வேலை பார்த்தார். ஒருநாள் தையல் கோணிவிட்டது என்று, சூப்பர்வைசர் அந்தச் செருப்பை அவர் தலையில் வைத்து, எல்லார் முன்னாலும் நிற்கச் செய்தார். அன்றே வேலையை விட்டும் விரட்டினார். கூட வேலை பார்த்தவர்கள் புகார் கொடுத்தார்கள்.

விசாரணை அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அதனால் மெட்ரிக் படித்துக்கொண்டிருந்த என்னை மொழிபெயர்க்க அழைத்துப் போனார்கள்.

"டிட் ஹி ஹ்யூமிலியேட் யூ?" என்று கேட்டார் அதிகாரி.

பள்ளியில் அர்த்தம் படித்த சொல்தான். "அப்பா, அவரு ஒங்கள அவமானப்படுத்துனாரான்னு கேக்காரு" என்றேன்.

அப்பா என் முகத்தையே பார்த்தார்.

"இல்லன்னு சொல்லும்மா."

"அப்படிச் சொன்னா வேல திரும்பக் கெடைக்காதுப்பா."

"எம்மவகிட்ட நான் வேற என்னத்தச் சொல்ல? இல்லன்னே சொல்லு."

"நோ" என்றேன். எதிரே உட்கார்ந்திருந்த சூப்பர்வைசர் சிரித்தார்.

வேலை கிடைக்கவில்லை. சாகும்வரை அப்பா என் முகம் பார்த்துப் பேசவும் இல்லை. பட்டறையில் பட்டதைக்கூட அவர் தாங்கியிருப்பார். அதை மகளே கேட்டதைத் தாங்க முடியவில்லை.

பேரப்பிள்ளைகள் இன்று அந்த இங்கிலீஷ் சொல்லுக்கு அர்த்தம் கேட்டால், தெரியாது என்று சொல்லிவிடுகிறேன்.