ஏர் ஆஜர்

வரி போடுகிறவனை ஊர் திட்டும், விலக்கு கொடுக்கிறவனை வாழ்த்தும் என்று நம்பித்தான் அந்தப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அறுபதுகளின் போர்ட் பிளேர். விவசாயக் கருவிகளுக்கும் அவற்றை வைக்கும் கொட்டகைக்கும் சொத்து வரி கிடையாது என்று ஓர் உத்தரவு இருந்தது. அந்த மனுக்களைப் பார்ப்பது என் வேலை. ஒரு கையெழுத்துக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர்களே, நீங்கள் மனதுக்குள் திட்டியது என்னைத்தான்.

ஒரு வார்த்தை

செல்லையா ராமநாதபுரத்துக்காரர். வடக்கே, கப்பலில் போக வேண்டிய லாங் ஐலண்டுக்கு எதிர்க்கரையில் காடு வெட்டிக் குடியேறியவர். அவருடைய மனுவுக்கு ஆங்கிலத்தில் பதில் போயிற்று. படித்துச் சொல்ல அங்கே ஆள் இருக்காதே என்று அடியில் நானே தமிழில் ஒரு வரி எழுதினேன். 'ஏரைப் பரிசோதனைக்குத் தயாராக வைத்திருக்கவும்' என்று எழுதியிருக்க வேண்டும். ஆபீஸ் புத்தி, 'ஆஜர்படுத்தவும்' என்று எழுதிவிட்டேன்.

பதினைந்து நாள் கழித்து, கலப்பையும் நுகத்தடியுமாக ஒருவர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். அத்தனை தூரம் கப்பலில் ஏற்றி வந்திருக்கிறார். அவர் பணிவாகச் சொன்னார்: "ஏரை ஆஜர்படுத்தச் சொல்லியிருந்தீங்க பாபு. மாட்டைப் பத்தி ஒண்ணும் எழுதல, அதனால விட்டுட்டு வந்துட்டேன்."

டூர்

பரிசோதனை அதிகாரி முந்தின நாள்தான் டூர் கிளம்பியிருந்தார். எங்கே? செல்லையாவின் ஏரைப் பார்க்க, செல்லையாவின் ஊருக்கு. சிரிக்க வேண்டிய விஷயம்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மழை தொடங்கும் நேரம். குடியேறியவர்களுக்குக் கொடுத்து வந்த சர்க்கார் ரேஷன் நின்றுவிட்டது. இந்த மழையில் உழுது நட்டால்தான் அவர் வீட்டில் சோறு.

'அதிகாரி நாலு நாளில் வந்துவிடுவார், காட்டிவிட்டே போங்கள்' என்று சொன்னதும் நான்தான். போர்ட் பிளேரில் ஜங்லிகாட் பகுதியில் இருந்த என் அறையிலேயே அவரைத் தங்கவைத்தேன். கலப்பையை ஆபீஸ் வராந்தாவில் சைக்கிள்களோடு சாத்திவைத்தோம். எங்கள் பியூன் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "பாபுஜி, இந்த ஹல்லை, அதான் ஏரை, எந்த ஃபைல்ல கோக்கணும்?"

ரிப்போர்ட்

அதிகாரி பத்தாம் நாள் மழையில் நனைந்துகொண்டு வந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். கெட்ட மனிதர் இல்லை, பொறுமையாகக் கேட்டார். பிறகு, தான் ஏற்கெனவே எழுதி முடித்த ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டினார். இடத்தில் ஏர் இல்லை. வயலில் தண்ணீர் நிற்கிறது, ஒரு சால்கூட உழவில்லை. எனவே மனுதாரர் விவசாயி அல்ல, விலக்கு இல்லை.

ஏர் வெளியே வராந்தாவில்தான் இருக்கிறது என்றேன். எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். ஹிந்தியில் அமைதியாகக் கேட்டார்: "ஏர் சரி. வயல் எங்கே?"

ஜெட்டி

செல்லையாவையும் கலப்பையையும் கப்பல் ஏறும் ஜெட்டிக்குக் கூட்டிப் போனேன். கடல் கொந்தளிப்பு, கப்பல் ரத்து. மறுபடி எப்போது என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. என் வார்த்தைதான் தப்பு, மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்று தூங்கியிருப்பேன். அவரோ தலைத்துண்டை அவிழ்த்துக் கலப்பையின் கொழுவில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "தப்பு கெடக்கட்டும் பாபு. மழை அங்க பெய்யுது, ஏர் இங்க நனையுது."

சர்வீஸ் முடிகிறவரை எத்தனையோ பேருக்கு வரியிலிருந்து விலக்கு வாங்கிக் கொடுத்தேன். செல்லையா ஒருவருக்குத்தான் விளைச்சலிலிருந்தே விலக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.