இரும்பைச் செம்மண் ஓடைகளில் மூன்று நாள்

1956 மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஐந்து மணிக்கு முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. வண்டிக்காரர் கோவிந்தன், இரும்பை கிராமத்துக்காரர். வாரம் இரண்டு முறை புதுச்சேரிக்கு விறகு ஏற்றி வந்து, வெறும் வண்டியாகத் திரும்பிப் போகிறவர். அன்று வெறும் வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஜமக்காளம் விரித்து, நாங்கள் நான்கு பேரும் ஏறிக்கொண்டோம். நான், என் மனைவி ருக்குமணி, ஒன்பது வயது மகள் வசந்தா, ஐந்து வயது மகன் ரவி.

கோடை விடுமுறைக்கு எல்லோரும் குளிர்ச்சியான ஊர் தேடிப் போவார்கள். கத்திரி வெயிலில் புல்கூட முளைக்காத இடத்துக்குக் குழந்தைகளை ஏன் அழைத்துப் போகிறாய் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். எங்கள் கதை கொஞ்சம் வேறு. பத்து வருஷம் சைகோனில் குமாஸ்தாவாக இருந்துவிட்டு முந்திய ஆண்டுதான் ஊர் திரும்பியிருந்தேன். குழந்தைகள் இருவரும் அங்கே பிறந்தவர்கள். மழையும் ஆறும் வாழைத்தோப்பும் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் புதுச்சேரியின் முதல் கோடை பெரிய தண்டனையாக இருந்தது. ரவிக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. வசந்தா ஜன்னலைச் சாத்திக்கொண்டு நாள் முழுவதும் தரையில் படுத்துக் கிடப்பாள். வெயிலை வீட்டுக்குள் உட்கார்ந்து திட்டுவதைவிட, வெயில் தன் கைவேலையைக் காட்டுகிற இடத்தை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

இன்னொரு காரணமும் உண்டு. பிரான்சில் இருக்கும் என் மைத்துனர் பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுதியிருந்தார். அவருக்குக் குழந்தை இல்லை. வசந்தாவை அனுப்பினால் அங்கேயே படிக்கவைப்பதாகவும், ஜூனில் கப்பலேறும் தெரிந்த குடும்பம் ஒன்று அவளை உடன் அழைத்துவரும் என்றும், மாதம் முடிவதற்குள் பதில் வேண்டும் என்றும் எழுதியிருந்தார். எனக்கு அனுப்பலாம் என்றே மனம் ஓடியது. இங்கே நானே மறுபடி அடியிலிருந்து தொடங்கியவன். சைகோனில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணை இரண்டு வகுப்பு கீழே உட்காரவைப்போம் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். ருக்குமணி இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள். மூன்று நாள் வெளியே போய்வந்து முடிவு செய்வோம் என்று ஒத்திப்போட்டிருந்தோம். குழந்தைகளுக்கு இது எதுவும் தெரியாது என்று நினைத்திருந்தோம்.

கோட்டக்குப்பத்தில், பிரெஞ்சுக்காரர் காலத்து எல்லையில் சுங்கச் சாவடி இருந்த இடத்தில் இப்போது ஒருவர் மோர்ப்பானை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சின்னவனாக இருந்தபோது அந்த இடத்தில் மூட்டையை அவிழ்த்துக் காட்டாமல் நகர முடியாது. வண்டி நிற்காமல் கடந்தது. சாலையோரக் கற்களில் கிலோமீட்டர் போய் மைல் வந்தது மட்டும்தான் எல்லையின் அடையாளம். "மைல்னா கிலோமீட்டரைவிடப் பெரிசா?" என்று வசந்தா கேட்டாள். பெரிது என்றேன். "அப்ப இந்தப் பக்கம் எல்லாம் சீக்கிரம் வந்துடும்" என்றாள். சற்று யோசித்துவிட்டு, "இல்ல, தூரம் அதேதான்" என்று தானே திருத்திக்கொண்டாள்.

பொம்மையார்பாளையம் தாண்டி வண்டி மேற்கே மேட்டில் ஏறியது. அங்கிருந்துதான் நிறம் மாறுகிறது. முதலில் சக்கரத்தடத்தில் கொஞ்சம் சிவப்பு, பிறகு வரப்பில், பிறகு மாட்டின் கால்களில், கடைசியில் கோவிந்தனின் வெள்ளைத் தலைப்பாகையில். ஏறி நின்று திரும்பிப் பார்த்தால் கீழே நீலமாகக் கடல். முன்னே பார்த்தால் தொடுவானம் வரைக்கும் செம்மண், ஊடே தனித்தனியாகப் பனைமரங்கள். இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க முடியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

இரும்பை போய்ச் சேர மணி எட்டரை. கோவிந்தன் வீட்டில் தங்கினோம். அவர் மனைவி பச்சையம்மாள் குழந்தைகளுக்குச் சொம்பில் மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு ரவி பழக்கத்தில் "மெர்சி" என்றான். பச்சையம்மாள் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். மறுபடி "மெர்சி" என்றான். மறுபடி ஊற்றினாள். நான்காவது முறை அவன் அழும் நிலைக்கு வந்த பிறகுதான், அது பிரெஞ்சில் நன்றி என்று ருக்குமணி விளக்கினாள். "நான், பசின்றதத்தான் அவங்க பாஷைல சொல்றான்னு நெனச்சிக்கினேங்க்கா" என்றாள் பச்சையம்மாள்.

மாலை ஐந்து மணிக்கு வெயில் தாழ்ந்ததும் கோவிந்தன் எங்களைக் கிழக்கே இரண்டு மைல் அழைத்துப்போனார். சமதரையில் நடந்துகொண்டே இருந்தோம். சட்டென்று தரை முடிந்துவிட்டது. காலடியில் பெரிய பிளவு. இரண்டு ஆள் உயரம், சில இடத்தில் மூன்று ஆள் உயரம். அதிலிருந்து கிளை பிரிந்து, கிளையிலிருந்து கிளை பிரிந்து, பார்க்கும் தூரமெல்லாம் ஓடைகள். எதிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சுவர்களில் மேலே செங்கல் நிறம், நடுவே மஞ்சள், அடியில் சில இடத்தில் சங்கு வெண்மை. நடுவில் தூண்தூணாக மண் நிற்கிறது. ஒவ்வொரு தூணின் தலையிலும் ஒரு சரளைக்கல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கிறது. கல் மறைத்த இடத்து மண் தங்கிவிட்டது, மற்றதை மழை கொண்டுபோய்விட்டது. சூரியன் இறங்க இறங்க அத்தனை சுவர்களும் உள்ளிருந்து விளக்கேற்றியதுபோல் ஆயின. அழகை வாயால் சொல்லும் பழக்கம் ருக்குமணிக்குக் கிடையாது. அவளும், "இதப் பாக்காமலே இவ்வளவு கிட்ட இருந்திருக்கேன்" என்றாள்.

"காலைல மாட்டக் கொளத்துக்கு ஓட்டிக்கினு போவணும், நான் வர மாட்டேன். நீங்க மேட்டோரமாவே போய்ப் பாத்துட்டு வந்துடுங்க" என்றார் கோவிந்தன். "உள்ள எறங்காதீங்க ஐயா. ஒம்போது மணிக்கு மேல காத்து உள்ள வராது."

மறுநாள் காலை ஆறு மணிக்கு மேட்டோரம் போனோம். ஆறரைக்கு உள்ளே இறங்கினோம். அதற்கு நான்தான் பொறுப்பு. சரிவான ஒரு இடம் கண்ணில் பட்டது, குழந்தைகள் கெஞ்சினார்கள், மணலும் குளிர்ச்சியாக இருந்தது. அடியிலிருந்து பார்க்கும்போது அது முற்றிலும் வேறு உலகம். தலைக்குமேல் வானம் ஒரு நீல நாடா. சுவரில் பனைவேர்கள் பின்னிய கூந்தல்போல் தொங்கின. ரவி ஒவ்வொரு தூணுக்கும் ஒரு பெயர் வைத்துக்கொண்டே வந்தான். வசந்தா முன்னால் ஓடினாள். அப்படி அவள் ஓடி நான் ஊர் வந்ததிலிருந்து பார்க்கவில்லை. அந்த மகிழ்ச்சியில் எத்தனை கிளையில் திரும்பினோம் என்று எண்ணாமல் விட்டேன்.

எட்டரைக்குத் திரும்பினோம். வந்த வழி என்று நினைத்தது ஒரு சுவரில் போய் முடிந்தது. அடுத்த கிளையும் சுவர். அதற்கடுத்ததும். எங்கள் காலடித் தடத்தைப் பார்த்துப் போகலாம் என்றால், ஒரே இடத்தில் நாங்களே மூன்று முறை நடந்து குழப்பி வைத்திருந்தோம். சுவரில் ஏறப் பார்த்தேன். மண் பொடிந்து என்னோடு சேர்ந்து கீழே வந்தது. குரல் கொடுத்தேன். பதில் இல்லை. பத்து மணிக்குக் கோவிந்தன் சொன்னது புரிந்தது. காற்று நின்றுவிட்டது. சுவர்கள் அடுப்புபோல் வெப்பத்தைத் திருப்பி வீசின. மண்கூஜாவில் அரை டம்ளர் தண்ணீர் மிச்சம்.

ஒரு முழ நிழலில் உட்கார்ந்தோம். ரவி முகம் சிவந்து, அழுவதையும் நிறுத்திவிட்டான். அதுதான் எனக்கு அச்சமூட்டியது. ருக்குமணி அவனுக்கு இரண்டு வாய் புகட்டிவிட்டுக் கூஜாவை வசந்தாவிடம் நீட்டினாள்.

"தம்பிக்கே குடு" என்றாள் வசந்தா.

"நீயும் குடி. ஒரு வாய்."

"வேணாம். அவன்தானே உங்களோட இருக்கப் போறான். நான்தான் கப்பல்ல போயிடப் போறேனே."

அவள் அதை அழுதுகொண்டோ கோபமாகவோ சொல்லவில்லை. மணி என்ன என்று சொல்வதுபோல் சொன்னாள். கடிதம் பிரெஞ்சில் இருந்தது. எங்கள் வீட்டில் பிரெஞ்சை எங்களைவிட நன்றாகப் படிக்கிறவள் அவள்தான் என்பதை நாங்கள் இருவருமே மறந்துபோயிருந்தோம். ஒரு மாதமாக அவள் தரையில் படுத்துக் கிடந்தது வெயிலால் மட்டும் இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. ருக்குமணி அவள் தலையைப் பிடித்துச் சாய்த்து, மருந்து புகட்டுவதுபோல் மிச்சத் தண்ணீரைப் புகட்டினாள். "மொதல்ல குடி. அப்புறம் பேசு" என்றாள்.

நான் எழுந்து, மேடு ஏறினால்தான் இரும்பை, ஆகவே ஏற்றமாக இருக்கும் கிளைகளைத் தேடுவோம் என்றேன். வசந்தா சுவரோரம் தொங்கிய வேர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, வேர்ல மாட்டிக்கின குப்பையெல்லாம் ஒரே பக்கமா இருக்கு பாருங்க. தண்ணி இப்படித்தான் ஓடியிருக்கு."

"ஓடியிருக்கட்டும். நாம தங்கின ஊரு மேல இருக்கே."

"தண்ணி கடலுக்குத்தானே போவும்? நேத்து மேலேர்ந்து கடல் தெரிஞ்சுதே. கடலோரம் ரோடு இருக்கு."

நான் மேட்டையே பிடித்துக்கொண்டு வாதாடினேன். ருக்குமணி கேட்டுக்கொண்டே முந்தானையை ரவியின் தலைக்குப் போர்த்தி அவனைத் தூக்கிக்கொண்டாள். "ஏங்க, மூணு தடவ நீங்க சொன்னபடி போயாச்சு. ஒரு தடவ அவ சொல்றபடி போவோம்" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தாள்.

வசந்தா முன்னே போனாள். கிளை பிரியும் இடத்திலெல்லாம் நின்று, குனிந்து, காய்ந்த புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையைக் காட்டுவாள். சுவர்கள் மெல்லத் தாழ்ந்தன. ஓடை அகன்றது. முகத்தில் உப்புக் காற்று பட்டது. பதினொன்றரை மணிக்குப் பனந்தோப்பு ஒன்றில் வெளிவந்தோம், அதற்கு அந்தாண்ட ரோடு, ரோட்டுக்கு அந்தாண்ட கடல். நுங்கு சீவிக்கொண்டிருந்த ஒரு பெண் எங்கள் கோலத்தைப் பார்த்துக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஓடக்குள்ளேர்ந்தா வரீங்க? இந்த வெயில்ல கொழந்தைங்கள இட்டுக்கினா?"

நாங்கள் பதில் சொல்வதற்குள் நுங்கை நோண்டி ரவியின் வாயில் வைத்தாள். அவன் விழுங்கிவிட்டு "மெர்சி" என்றான். அவளும் இன்னொன்று கொடுத்தாள். நான் அதுவரை உண்ட எதற்கும் அந்த நுங்கின் சுவை இல்லை. அவள் ஆள்விட்டுச் சொன்ன சேதி கேட்டு இரண்டு மணிக்குக் கோவிந்தன் வண்டியோடு வந்தார். "எறங்காதீங்கன்னு சொன்னேனே ஐயா" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் நாள் காலை திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டில் பஸ் ஏறித் திருவக்கரை போனோம். புதுச்சேரியிலிருந்து முப்பது கிலோமீட்டர் என்று கணக்கு. காளி கோயிலுக்காகப் பலர் வருகிறார்கள். நாங்கள் போனது கல்மரங்களுக்காக. சரளைமேட்டில் முட்செடிகளுக்கு நடுவே மரங்கள் விழுந்து கிடக்கின்றன. சில சிறு துண்டுகள், சில ஒரு பனைமர நீளம். பட்டை இருக்கிறது, கணு இருக்கிறது, வெட்டுவாயில் வளையங்கள்கூட இருக்கின்றன. தொட்டால் கல். கணக்கில்லாத காலத்துக்கு முன் வெள்ளம் அடித்துவந்து மணலில் புதைத்து, மரத்தின் ஒவ்வொரு நாரும் கல்லாக மாறிவிட்டதாம். ஊர்க்காரர்கள் காளி கொன்ற அசுரனின் எலும்பு என்கிறார்கள். காவல்காரர் ஒரு கூழாங்கல்லால் தட்டிக் காட்டினார், உலோகம்போல் கணீரென்றது. "உள்ள எறும்பு இருக்குமா?" என்றான் ரவி. "இருந்தா அதுவும் கல்லாத்தான் இருக்கும் தம்பி" என்றார் அவர்.

ஒரு பெரிய மரத்தின்மேல் உட்கார்ந்து கட்டுச்சோறு பிரித்தோம். சாப்பிட்டுக் கை கழுவியதும் ருக்குமணி வசந்தாவைத் தன் எதிரில் உட்காரவைத்தாள்.

"உன்னக் கேக்காமலே நாங்க ரெண்டு பேரும் யோசிச்சிட்டிருந்தோம். தப்புதான். இப்ப கேக்கறேன். மாமா வீட்டுக்குப் போகணுமா உனக்கு?"

வசந்தா மரத்தின் வளையங்களை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். "மூணு நாளைக்கு முன்ன கேட்டிருந்தா போறேன்னுதான் சொல்லியிருப்பேன்."

"இப்ப?"

"இப்ப தெரியல."

ருக்குமணி என்னைப் பார்த்தாள். ஒரு மாதமாக என் மனத்தில் அடுக்கி வைத்திருந்த காரணங்கள் எல்லாம் நல்ல காரணங்கள்தான். ஆனால் அவற்றில் ஒன்றையும் அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்ல என்னால் முடியவில்லை.

"தெரியலன்னா போக வேணாம்" என்றேன். "தெரிஞ்சப்புறம் சொல்லு. எப்ப வேணாலும் சொல்லலாம்."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு தம்பியோடு சேர்ந்து மரங்களை எண்ணப் போய்விட்டாள்.

நான்கு மணிக்குப் புதுச்சேரி பஸ் வந்தது. மயிலம் முருகன் கோயிலில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தைகளால் நிறைந்திருந்தது. வழியெல்லாம் எனக்குச் சைகோன் ஞாபகம். அங்கே நிலம் தன்னைக் காட்டாது. ஒரு வாரம் விட்டால் எதன்மேலும் பச்சை ஏறி மூடிவிடும். இங்கே நிலம் தன் வயதையும் காயத்தையும் அப்படியே திறந்து வைத்திருக்கிறது. குழந்தைகளுக்கு எதையாவது காட்டவேண்டுமென்றால் கப்பலேற வேண்டும் என்று நினைத்திருந்தவன் நான். போகாதவர்கள் போய்வர வேண்டும். கூஜா இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஓடைக்குள் இறங்காதீர்கள்.

புதுச்சேரியை நெருங்கி, சாரம் பக்கத்து வீடுகள் தெரியத் தொடங்கியபோது ரவி என் மடியில் தூங்கிப்போனான். வசந்தா பக்கத்து இருக்கையில் இருந்த மொட்டைத்தலைச் சிறுமியிடம் ஏதோ விசாரித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, மயிலத்துல மல மேல மயில் இருக்காம். அடுத்த லீவுக்கு அங்க போவலாமா?"

"போவலாம்" என்றாள் ருக்குமணி.