விமானத்தைக் கீழே போடுகிறவர்

ப்ரோனிஸ்லாவ் மஸூருக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் அவர் மனைவி ஸ்டெஃபானியாதான் முந்திக்கொண்டு பதில் சொல்வாள். பிளேனைக் கீழே போட்டு உடைக்கிற வேலை, அதற்குச் சம்பளமும் தருகிறார்கள் என்பாள். ஞாயிற்றுக்கிழமை மாதாகோவில் வாசலில் நிற்கிற லாங் ஐலண்டின் போலந்துக்காரப் பெண்கள் இதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ப்ரோனிஸ்லாவ் தொப்பியைத் திருகிக்கொண்டு நிற்பார். அவள் சொன்னது கேலி போலத்தான் இருக்கும், ஆனால் உண்மை.

அவரைப் போய் இந்த வேலைக்கு எடுத்தார்களே என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். ஆள் அவ்வளவு பூஞ்சை மனசு. வீட்டில் கோழி அறுக்கிற நாளில் வேலி சரிபண்ணப் போகிறேன் என்று கிளம்பிவிடுவார். இருபது வருஷம் ரயிலடி ஓரத்து உருளைக்கிழங்குக் கிட்டங்கியில், மூட்டை தூக்கி இறக்குகிற விஞ்ச் ஓட்டினார். மூட்டையை மேலிருந்து இறக்கினால் தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல இறக்குவார். வலது கால் எப்போதும் பிரேக் மிதியின்மேல் லேசாக இருக்கும். ஒரு கிழங்கு கன்றாது. இந்தப் பெயரைக் கேள்விப்பட்டுத்தான் விமானத் தொழிற்சாலைக்காரர்கள் அவரைக் கூப்பிட்டார்கள். இன்ஜினைத் தூக்கி விமானத்தின் மூக்கில் பொருத்த அப்படி ஒரு கை அவர்களுக்கு வேண்டியிருந்தது.

பிறகு போர் வந்தது. விமானந்தாங்கிக் கப்பலுக்கான சண்டை விமானங்கள் பருக்கத் தொடங்கின. துணி போர்த்திய இரட்டை இறக்கைக்காரர்கள் போய், இறக்கையை மடக்கிக்கொண்டு நிற்கிற தகரத் தடியர்கள் வந்தார்கள். எதிரி வேகமாகப் பறக்கிறான் என்று பெரிய இன்ஜின் வைப்பார்கள். இன்ஜினுக்குப் பெட்ரோல் வேண்டும், விமானிக்குக் கவசத் தகடு வேண்டும், துப்பாக்கி இன்னும் இரண்டு வேண்டும். எல்லாப் பாரமும் கடைசியில் அந்த இரண்டு சக்கரக்கால்களின் தலையில்தான் விடியும். கப்பலில் இறங்குவது நம் ஊர்ப் புல்வெளியில் இறங்குவது மாதிரி அல்ல. தளம் அலையோடு மேலே எழும்பி வரும், விமானம் அதன்மேல் தொப்பென்று விழும். அதைத் தாங்குமா என்று பார்க்க, புது விமானத்தைக் கட்டித் தூக்கிச் சிமெண்ட் தரையில் போட்டுப் பார்ப்பார்கள். போடுகிற வேலை ப்ரோனிஸ்லாவிடம் வந்தது.

அன்றைக்குப் புது மாதிரி ஒன்று வந்திருந்தது. பீப்பாய் உடம்பு, குட்டை மூக்கு. அதன் இன்ஜினைத் தம் கையாலேயே இறக்கிப் பொருத்தியவர் அவர். அது சங்கிலியில் தொங்கி மெல்ல ஆடியது. இன்ஜினியர் ஃபென்விக் கையை இறக்கினார். ப்ரோனிஸ்லாவ் பிடியை விட்டார். விமானம் விழுந்தது, குலுங்கியது, நின்றது. உயரத்தைக் கூட்டிக் கூட்டிப் போட்டார்கள். சக்கரக்கால் அசையவில்லை. ஃபென்விக்கின் முகம் மலர்ந்தது. ஆட்கள் வந்து ப்ரோனிஸ்லாவின் முதுகில் தட்டினார்கள்.

அவருடைய வலது கால் மட்டும் பிரேக்கின்மேல் இருந்தது. அழுத்தவில்லை, சும்மா பட்டுக்கொண்டிருந்தது. விழுகிற வேகத்தில் கண்ணுக்குத் தெரியாத கொஞ்சத்தை அது தின்றுவிட்டது. அவருக்கு இது தெரியுமா என்றால், தெரியும் என்றும் சொல்ல முடியாது, தெரியாது என்றும் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்ததும் உடையவில்லை என்றார். மனைவி சந்தோஷப்பட்டாள். அவரும் சந்தோஷப்பட்டதாகவே நினைத்துக்கொண்டார்.

அந்த வாரம் மகன் யூஜின் விடுப்பில் வந்தான். கடற்படையில் விமானியாகப் பயிற்சி முடித்திருந்தான். அம்மா கிழங்கு வைத்த பியரோகிக் கொழுக்கட்டை செய்து, வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி மேலே கொட்டினாள். சாப்பாட்டு மேஜையில் அவன் வாய் ஓயவில்லை. தன் அணிக்கு வரப்போவது அப்பாவின் தொழிற்சாலையின் அந்தப் புது விமானம்தான் என்றான். கப்பலில் இறங்கிப் பழகிய கதையைச் சொன்னான்.

"எறங்குறதுன்னு சும்மா பேருக்குச் சொல்றதும்மா. விழுறதுதான். கீழருந்து தளம் வேற மேல ஏறி வந்து ஒரு அறை அறையும். போன மாசம் எனக்கு முன்னாடி போனவனுக்குச் சக்கரக்கால் மடங்கிருச்சு. பிளேன் அப்படியே ஓரமாச் சரிஞ்சு கடல்ல போயிருச்சு."

அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"உன் பிளேன்?" என்றாள்.

"என்னோடத அப்பா போட்டுப் பாத்திருக்காரும்மா. அப்புறம் எனக்கென்ன கவலை."

ப்ரோனிஸ்லாவின் வாயிலிருந்த பியரோகி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. மேஜைக்கடியில் தம் வலது காலைக் குனிந்து பார்த்தார். மகன் முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

மறுநாள் காலை ஃபென்விக்கின் மேஜைமுன் போய் நின்றார். வேலை போகும், நாசவேலைக்காரன் என்றுகூடச் சொல்வார்கள் என்று பயந்துகொண்டே சொன்னார்.

"சார், என் கால் பிரேக் மேல இருந்துச்சு."

ஃபென்விக்குக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பென்சிலை விட்டெறிந்தார். வெள்ளிக்கிழமை கடற்படை அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள், தேறியாயிற்று என்று மேலிடத்துக்குச் சொல்லியாயிற்று, இப்போது வந்து இதைச் சொன்னால் என்ன அர்த்தம் என்று சத்தம் போட்டார். ப்ரோனிஸ்லாவ் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். சத்தம் ஓய்ந்ததும், வேறு ஆளை வைத்துப் போடட்டுமா என்று ஃபென்விக் கேட்டார்.

"வேண்டாம் சார். நானே போடுறேன். எம் பையன் அதுலதான் போறான்."

ஃபென்விக் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார்.

விமானத்தை மறுபடியும் தூக்கிக் கட்டினார்கள். ப்ரோனிஸ்லாவ் வலது பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, இருக்கையில் காலை மடக்கி அதன்மேலேயே உட்கார்ந்தார். ஆட்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஃபென்விக்கின் கை இறங்கியது, இவர் பிடியை விட்டார். மடக்கிய கால் தானாகத் துடித்து நீளப் பார்த்தது. முழு உடம்பையும் அதன்மேல் போட்டு அமுக்கிக்கொண்டார்.

முறிகிற சத்தம் கொட்டகை முழுக்கக் கேட்டது. இடது சக்கரக்கால் மடங்கி, இறக்கை நுனி சிமெண்டைக் கீறிக்கொண்டு சாய்ந்தது. ஃபென்விக் முறிந்த காலருகே மண்டியிட்டுக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "நல்லாவே ஒடச்சே, பிரானி" என்றார். ப்ரோனிஸ்லாவுக்குக் கண்ணீர் நிற்கவில்லை. எதற்காக அழுகிறோம் என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

விடுப்பு முடிந்து கிளம்பிய மகனிடம் ரயில் நிலையத்தில் எல்லாவற்றையும் சொன்னார். யூஜினுக்கு முகம் வெளுத்துப் போனது. அப்பா போட்டுப் பார்த்த விமானம் என்று அணியில் தான் அடித்த தம்பட்டமெல்லாம் அவனுக்கு நினைவு வந்திருக்கும். "நீங்களாப்பா?" என்றான். "நான்தான்டா" என்றார். அவன் அவரை இழுத்துக் கட்டிக்கொண்டான். சின்ன வயதுக்குப் பிறகு அவன் அப்படிச் செய்ததே இல்லை. ரயில் ஊதும்வரை இருவரும் விடவில்லை.

தொழிற்சாலையில் சக்கரக்காலின் உலோகத்தை மாற்றினார்கள், மூட்டைத் தடிமனாக்கினார்கள். அதுவும் முறிந்தது. திரும்பச் செய்தார்கள். ப்ரோனிஸ்லாவ் தினமும் காலை மடக்கி உட்கார்ந்து போட்டுக்கொண்டே இருந்தார். வீட்டில் பேச்சு குறைந்தது. ஸ்டெஃபானியா மாதாகோவில் வாசலில் அந்தக் கேலியைச் சொல்வதை நிறுத்திவிட்டாள். மகன் போனதிலிருந்து அவள் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அடுப்படியிலேயே நின்றபடி எதையோ கொறித்துவிட்டுப் போய்விடுவாள்.

இலையுதிர் காலம் முடிகிற ஒரு மாலையில் அவர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நேரே அடுப்படிக்குள் வந்தார். சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன ப்ரோனெக், இன்னைக்கும் ஒடச்சிட்டியா?"

"காலைலேருந்து போடுறேன் ஸ்டெஃபா. அவங்க சொன்ன உயரத்துக்கும் மேல தூக்கிப் போட்டேன். என்னால ஒடைக்க முடியல."

அவள் கரண்டியை வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு மேஜைமுன் உட்கார்ந்தாள். தனக்கும் ஒரு தட்டு எடுத்து வைக்கச் சொன்னாள்.