ஃபேன் கொக்கியில் ஒரு தூளி

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது பத்து. அந்த நேரத்தை இனி நான் மறக்கப் போவதில்லை.

என் மகள் வைதேகி, பசித்து அழுத குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் அடுப்பிலிருந்து பாலை இறக்கிக்கொண்டிருந்தேன். கூடத்தில் 'தொம்' என்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் — தூளி தரையில் கிடக்கிறது. அதற்குள், குழந்தை படுத்திருந்த இடத்தில், தேங்காய் அளவுக்கு ஒரு சிமெண்ட் கட்டி. அதோடு பெயர்ந்து வந்த இரும்புக் கொக்கி.

குழந்தைக்கு ஒன்றும் இல்லை. சமர்த்தாகப் பால் குடித்துக்கொண்டிருந்தான். 

எங்கள் ரெடிமேட் வீட்டைப் பற்றி நான் முன்பு இந்தப் பத்திரிகையில் பெருமையடித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 'நாங்களும் வாங்கலாமா?' என்று பல பேர் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

முதலில் நல்லது. கோட்டைப் பக்கத்தில் எங்களுக்கு ஒண்டுக் குடித்தனம், ஒரே அறை. முதல் பிரசவம் பிறந்தகத்தில்தான் என்பது வழக்கம். பெண்ணை எங்கே படுக்க வைப்பது? காட்டூரில் ஒரு மனை இருந்தது. ஆனால் அங்கே பக்கத்து மனைக்காரர் சிமெண்ட் வாங்க சர்க்கார் பெர்மிட்டுக்கு அலைந்து, கொத்தனாரையும் தொலைத்துவிட்டு, ஜன்னல் மட்டத்தில் நின்றுபோன சுவரில் பூசணிக்கொடி படர விட்டிருந்தார். வயிற்றில் இருக்கிற குழந்தை பெர்மிட்டுக்காகக் காத்திருக்குமா?

கம்பெனிக்காரர்கள் லாரியில் சுவரைக் கொண்டு வந்து இறக்கினார்கள். ஆமாம், சுவரை! போல்ட் போட்டு முடுக்கினார்கள். மேலே சிமெண்ட் பலகைகளை அடுக்கினார்கள். சீமந்தம் முடிந்து வைதேகி வந்தபோது வீடு தயாராக நின்றது. அதை மறைத்துப் பேசுகிற அளவுக்கு நான் நன்றி கெட்டவள் இல்லை.

இனி மற்றது. வெயில் ஏறினால் கூடம் இட்லிப் பானை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சுவரில் ஆணி இறங்காது. பெருமாள் படம் ஸ்டூலில் சாய்ந்து நிற்கிறது. கூரையில் உத்தரம் கிடையாது. யோசித்துப் பாருங்கள்... கொடியில் துணி, உறியில் தயிர், சுவரில் பெருமாள், உத்தரத்தில் தூளி — நம் குடும்பத்தில் பாதி தொங்கிக்கொண்டுதானே இருக்கிறது! இந்த வீட்டுக்குப் பிளான் போட்டவர் மேஜை நாற்காலிக்காரர். அவருக்குப் பிள்ளை குட்டி உண்டோ இல்லையோ!

குழந்தையைத் தொட்டிலில் போடுகிற நாள் வந்தது. என் கணவர்தான் அண்ணாந்து பார்த்துக் கண்டுபிடித்தார்.

"ஃபேன் மாட்டக் கொக்கி இருக்கே! ஃபேன் இப்போ வாங்கப் போறதில்லே. அதுல கட்டிடு தூளியை."

"ஏன்னா, தாங்குமா?"

"அத்தனை பெரிய ஃபேனைத் தாங்கும், உன் பேரனைத் தாங்காதா?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஃபேன் இருந்த இடத்திலேயே சுற்றும். தூளி நாளெல்லாம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்து ஆடும் — இது எங்கள் இருவர் புத்தியிலும் ஏறவில்லை.

ஆள் அனுப்பியதும் கம்பெனி ஏஜெண்ட் வந்தார். ஞாயிற்றுக்கிழமையில் கூப்பிட்ட கோபம் முகத்தில் இருந்தது. செருப்பைக் கழற்றாமலே கூடத்துக்குள் வந்து மேலே பார்த்தார்.

"இது ஃபேன் கொக்கிங்கம்மா."

"குழந்தை தலையில விழுந்திருக்குமே, ஸார்!"

"ஃபேனுக்குன்னு சொல்லித்தானேம்மா குடுத்தோம்? ஃபேன் மாட்டி விழுந்திருந்தா எங்களைக் கேளுங்க."

ஓட்டையை அடைக்க ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். 

மத்தியானம் மாப்பிள்ளை வந்தார். ஞாயிறுதோறும் குழந்தையைப் பார்க்க ஸ்ரீரங்கத்திலிருந்து வருவார். மேலே ஓட்டையைப் பார்த்தார். கீழே கட்டியைப் பார்த்தார். காபியைக் குடித்தார். அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார்.

நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஐந்து மாதம் பெண்ணையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு, பிறகு கொண்டுபோய் விடுவதுதானே முறை? அதற்காகத்தானே இந்த வீடே? இன்னும் ஒரு மாதம்கூட முடியவில்லை.

"அவாத்துல ஒண்ணும் சொல்ல மாட்டா. நீ அழாதேம்மா," என்றாள் வைதேகி. அவள் கண்ணும் வாசலில்தான் இருந்தது.

சாயங்காலம் வாசலில் டாக்ஸி வந்து நின்றது. சம்பந்தி மாமி. வண்டியைத் திருப்பி அனுப்பவில்லை, காத்திருக்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார். குழந்தையை வாங்கித் தோளில் சாத்திக்கொண்டார். அண்ணாந்து பார்த்தார். கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

"பெருமாள் காப்பாத்தினார். வைதேகி, துணிமணியை எடுத்து வெச்சுக்கோ."

பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாகத்தான் சொன்னார்:

"எங்காத்துல உத்தரம் இருக்கு, மாமி."