மெர்ல் என்றொரு பெயர்

தொலைபேசியை எடுத்தேன். கனத்த ஆண்குரல் ஒன்று, "மெர்ல் ஹியர்" என்றது. மெர்லைத் தேடுகிறார் என்று நினைத்து, "நோ மெர்ல் ஹியர்" என்று வைத்துவிட்டேன். மறுபடி மணி அடித்தது. இம்முறை என் மனைவி எழில் எடுத்தாள். சுவரில் சாய்ந்துகொண்டு அப்படிச் சிரித்தாள். மாண்ட்ரியலுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை.

"யாரு?"

"நம்ம மெர்ல்தாங்க. லைப்ரரியில என் பக்கத்து மேசை மெர்ல்."

"ஆம்பளைக் குரலா இருந்துச்சே?"

"ஆம்பளைக்கு வேற எந்தக் குரல் இருக்கும்?"

அதுவரை அந்தக் குளிர்காலம் முழுக்கச் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்கு "மெர்ல் சொன்னாங்க, மெர்ல் சிரிச்சாங்க" என்றுதான் பேச்சு. நம் தமிழின் மரியாதை ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுக்காது. எனக்கோ மெர்ல் என்றால் பெண்தான். திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில் எனக்குத் தட்டச்சு சொல்லிக்கொடுத்த ஆங்கிலோ இந்திய அம்மாளின் பெயர் அது. பூப்போட்ட கவுனும் பவுடர் வாசனையுமாக இருப்பார். அந்த நினைப்பில் நானே எத்தனை தடவை, "உன் மெர்லுக்கு முறுக்கு எடுத்துட்டுப் போ" என்று கட்டிக் கொடுத்திருக்கிறேன்!

மறுநாள், எங்கள் வீட்டுக்குக் கீழே, தெப்பனர் என்று இங்கே சொல்லும் பெட்டிக்கடையை நடத்தும் பிரெஞ்சுக்கார மதாமிடம் அந்தப் பெயரைச் சொன்னேன். அவர் உதட்டைக் குவித்து விசிலடித்துக் காட்டினார். பிரெஞ்சில் அது ஒரு பறவையாம். பெயர்களுக்குப் பொருள் சொல்லும் புத்தகம் ஒன்றையும் தேடிப் பிடித்தேன். லத்தீனில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். கறுப்பு உடலும் மஞ்சள் அலகுமாக இனிமையாகப் பாடும் பறவை. மகனுக்கும் வைப்பார்கள், மகளுக்கும் வைப்பார்கள். இனிமையாகப் பாடுமாம்! எனக்கு வயிறு எரிந்தது.

"ஆணா பொண்ணான்னு தெரியாம அப்படி என்ன ஒரு பேரு?" என்றேன் வீட்டில்.

"எழில் மட்டும் எப்படியாம்? இங்க எனக்கு வர்ற கடுதாசியில பாதி மிஸ்டர்னுதான் வருது. மெர்ல் முதல் நாளே என் பேருக்கு என்ன அர்த்தம்னு கேட்டாங்க, தெரியுமா?"

தமிழ் தெரிந்த நான் எதற்குக் கேட்க வேண்டும்? ஆனாலும், வேறொருவன் கேட்டுவிட்டான் என்பது உறுத்தியது.

பனி உருகும் நேரத்தில் மெர்லுக்கு வான்கூவரில் வேலை கிடைத்தது. வழியனுப்பப் புறப்பட்டவளைத் தனியே விட மனமில்லாமல் நானும் ரயில் நிலையத்துக்குப் போனேன். குள்ளமாக, வழுக்கைத் தலையோடு, என்னைவிட வயதான மனிதர். என் கைகளைப் பற்றிக்கொண்டு முறுக்குக்கு நன்றி சொன்னார். ரயில் நகர்ந்ததும் எழில் வாய்விட்டு அழுதாள்.

பொறாமை அப்போதுதான் முழுதாகப் பற்றிக்கொண்டது. அந்த மனிதர் மீதல்ல, அவள் மீது. பிரிந்தால் அழுவதற்கு இந்த ஊரில் அவளுக்கு ஒருவர் கிடைத்திருந்தார். நான் அழவேண்டியவர்களை எல்லாம் திருச்சி ஜங்ஷனிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

"வாங்க, நம்ம வீட்டுக்குப் போகலாம்" என்றாள் கண்ணைத் துடைத்தபடி. வீடு என்றதும் என் மனம் பொன்மலைக்குப் போய்த் திரும்புவதற்குள், அவள் மெட்ரோ படிகளில் பாதி இறங்கியிருந்தாள்.