எட்டுக் கட்டத்தில் ஒரு டிக்

ஐந்தாம் வகுப்பில் எங்களுக்கு வந்த புது டீச்சர் செய்த ஒரே குற்றம், எங்களிடம் விருப்பம் கேட்டது. அதுவரை பள்ளியில் யாரும் என் விருப்பத்தைக் கேட்டதில்லை. நானும் நிம்மதியாக இருந்தேன்.

அளவுகள் பாடம் முடிந்ததும் ஆளுக்கொரு தாள் தந்தார். அதில் எட்டுக் கட்டங்கள். படித்ததை எழுதிக் காட்டலாம், வரையலாம், பாடலாம், கையையும் உடம்பையும் கொண்டு செய்து காட்டலாம், இப்படி. அறிவு ஒரே வகை இல்லை, அவரவருக்கு இசைந்ததில் டிக் போட்டு வீட்டில் கையெழுத்து வாங்கி வாருங்கள், எதற்கும் ஒரே மார்க்குதான் என்றார். எட்டில் ஒன்றுதான் சரியான விடை, அதைச் சொல்லாமல் மறைக்கிறார் என்றே நினைத்தேன்.

கரமனையில் எங்கள் வாடகை வீட்டில் அன்று உலை வைக்கக்கூட மறந்து அந்தத் தாளைச் சுற்றி உட்கார்ந்தோம். தாள் மலையாளத்தில் இருந்தது; தமிழ்க்காரர்களான அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மலையாளம் பேச வரும், படிக்க வராது. ஆகவே பத்தாம் வகுப்பை எட்டிப் பார்த்திருந்த மாமா வரவழைக்கப்பட்டார். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, இது பாடமே இல்லை, சோதனை என்று தீர்ப்புச் சொன்னார். எதில் டிக் விழுகிறதோ அந்த அறிவு மட்டும்தான் பிள்ளைக்கு உண்டு என்று ரெக்கார்டில் ஏறிவிடுமாம். பிறகு யார் காலில் விழுந்தாலும் மாற்ற முடியாதாம்.

என் விரல் மெல்லக் கையும் உடம்பும் கட்டத்துக்குப் போனது. அப்பாவுக்குச் சாலை என்ற கடைத்தெருவில் ஓர் அரிசி மொத்தக் கடையில் மூட்டை தூக்கி, நிறுத்துக் கொடுக்கிற வேலை. பையைக் கையில் வாங்கினாலே எடை சொல்லிவிடுவார்; தராசு ஒரு மரியாதைக்குத்தான். தேங்காய், பூசணிக்காய், என் புத்தகப் பை என்று எதையாவது தூக்கி எடை சொல்வது வீட்டில் எங்கள் இருவரின் விளையாட்டு. சில நாள் நானே ஜெயிப்பேன்.

அப்பா என் விரலைப் பிடித்து நகர்த்தினார். "அது மட்டும் வேண்டாம் மக்களே. அது நம்ம வீட்டுல தேவைக்கு மேல கெடக்கு."

எழுத்துக் கட்டத்தில் டிக் விழுந்தது. கட்டுரையை மாமாவே எழுதினார். ஒரு வாரம் நெட்டுருப் போட்டேன். இரண்டாம் பத்தியில் தவறாமல் தடுக்கி விழுந்தேன்.

வகுப்பில் செய்து காட்ட வேண்டிய நாளில் எனக்கு முன்னால் ஒரு பையன் காய்கறிக் கடை நடத்திக் காட்டினான். வெங்காயப் பையை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து எடை கேட்டான். இரண்டு கிலோ என்றார்கள், கால் கிலோ என்றார்கள். என்னிடம் வந்தபோது என் மனம் இரண்டாம் பத்தியில் இருந்தது. கை தன்பாட்டுக்கு ஏற்றி இறக்கியது. வாய் எண்ணூறு கிராம் என்றது. தராசும் எண்ணூறு என்றது.

டீச்சர் எழுந்து வந்தார். டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், தன் கைப்பை என்று ஒவ்வொன்றாகத் தந்து, "இது எத்ர?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வகுப்பு கைதட்டியது. ஒன்றையாவது தப்பாகச் சொல்லலாம் என்றால் கை சம்மதிக்கவில்லை. யார் பழக்கியது என்று கேட்டார். அப்பாவை மலையாளத்தில் அச்சன் என்றேன். கட்டுரையை அவர் கேட்கவே இல்லை. என் தாளில் எழுத்துக் கட்டத்தை அடித்துவிட்டு, கையும் உடம்பும் கட்டத்தில் சிவப்பு மையால் டிக் போட்டு, கீழே மலையாளத்தில் இரண்டு வரி எழுதினார். இதுவும் அறிவு, பெரிய அறிவு என்பது முதல் வரி. இதைப் பழக்கிய அச்சனை ஒருநாள் வகுப்புக்கு அழைத்து வரவும் என்பது இரண்டாவது.

என் கண் இரண்டாம் வரியிலேயே நின்றுவிட்டது. எங்கள் பள்ளியில் அப்பாக்களைக் கூப்பிடுவது ஒரே காரணத்துக்குத்தான். ஜன்னல் கண்ணாடியை உடைத்தவனின் அப்பா முந்தின மாதம் தலையைக் குனிந்துகொண்டு போனதைப் பார்த்திருந்தேன். அப்பா எதை வேண்டாம் என்றாரோ அதுவே சிவப்பில் விழுந்துவிட்டது, அதற்குப் பதில் சொல்ல அவரையே வரச் சொல்கிறார்கள். கரமனைப் பாலத்தில் நின்று தாளைக் கிழித்து ஆற்றில் போட்டேன். துண்டுகள் முழுகாமல் மிதந்தன. அவை கண்ணுக்கு மறையும்வரை அங்கேயே நின்றேன்.

அன்று அப்பா பழம்பொரி பஜ்ஜிப் பொட்டலத்தோடு சீக்கிரமே வந்தார். "டீச்சர் எழுத்துதானே போட்டாவ?" என்றார். தலையாட்டினேன். மறுநாள் சாலைக் கடைத்தெரு முழுக்க என் எழுத்தறிவு பரவியது. டீச்சர் இரண்டு முறை அப்பாவைக் கேட்டார். ஊருக்குப் போயிருக்கிறார் என்றேன். பிறகு டீச்சருக்கு மாற்றல் வந்தது. எனக்குப் போன உயிர் வந்தது.

அப்பாவை ஒரு பெரிய தலைக்குனிவிலிருந்து காப்பாற்றிவிட்டதாகப் பல வருடம் எனக்குள் பெருமை இருந்தது. இப்போது அவரால் மூட்டை தூக்க முடியாது. வேலையைப் பற்றிப் பேச்சு வந்தால், "நமக்கு ஏது அறிவு, உடம்புதான் இருந்துது" என்பார். அப்படி இல்லை என்று அவருக்குச் சொல்ல வந்த ஒரே தாளைத்தான் பாலத்தில் நின்று கிழித்துக்கொண்டிருந்தேன் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.