கதவு வைக்காத போலீஸ் கார்

எங்கள் வீட்டு ஷோகேஸில் ஒரு வெள்ளைக் கார் பொம்மை இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும். கூரை கிடையாது, பக்கவாட்டில் போலீஸ் முத்திரை. ஆபீஸ் வேலையாக என்னை நெதர்லாந்துக்கு அனுப்பியிருந்தபோது ஒரு மியூசியத்தில் அசல் வண்டியைச் சுற்றிக் கயிறு கட்டி நிறுத்தியிருந்தார்கள். பொம்மையை அங்கேதான் வாங்கினேன்.

அறுபதுகளில் அந்த ஊர் நெடுஞ்சாலைப் போலீஸுக்கு இப்படி ஸ்போர்ட்ஸ் கார்களைக் கொடுத்திருக்கிறார்கள். பணக்காரர்கள் சவாரி போகிற கார். குளிர்காலத்திலும் கூரையைத் திறந்துபோட்டுத்தான் ஓட்டுவார்களாம். ஓட்டுபவருக்குப் பக்கத்தில் இருக்கும் போலீஸ்காரர் நினைத்த மாத்திரத்தில் எழுந்து நின்று, பின்னால் வருகிற வண்டிகளுக்குக் கை காட்ட வேண்டும், அதற்காக. அந்த ஊர்க் குளிரில் மூன்று மாதம் நடுங்கியவன் என்பதால், தோல் கோட்டும் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்திருந்தவர்கள்மீது எனக்கு உண்மையான பரிதாபம் உண்டு. வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்வேன். காபி ஆறுவதற்குள் முடித்துவிடும்படி என் மனைவி கேட்டுக்கொள்வாள்.

அவள் இங்கே புனேயில், பாணேர் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். கோடை விடுமுறைக்கு முந்தைய வாரம், பள்ளியிலிருந்து வாகட்டில் இருக்கும் எங்கள் அடுக்குமாடிக்கு வாடகைக் காரில் திரும்பிக்கொண்டிருந்தாள். பைபாஸில் ஒரு லாரி பக்கவாட்டில் இடித்தது. டிரைவருக்குச் சிராய்ப்பு. இவளுக்கு இடது முட்டி நொறுங்கிவிட்டது. பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்துத் தைத்தார்கள். வலி மாத்திரைத் தூக்கத்திலேயே ஆம்புலன்ஸில் வீடு வந்து சேர்ந்தாள். அதன்பிறகு எந்த வண்டியிலும் ஏறவில்லை.

ஏறியே ஆகவேண்டும் என்பதுதான் சிக்கல். பிசியோதெரபி செய்ய வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பெண், கையால் செய்யக்கூடியதையெல்லாம் செய்துவிட்டேன், இனி மெஷினில் வைத்துத்தான் மடக்க வேண்டும், பாணேர் சென்டருக்குக் கூட்டிவாருங்கள் என்று சொல்லிவிட்டாள். டாக்டர் இன்னும் பச்சையாகச் சொன்னார். இந்த மழைக்காலத்துக்குள் முட்டி மடங்கவில்லை என்றால் அப்புறம் மடங்காது. நடக்கலாம், ஆனால் விறைத்த காலை இழுத்துக்கொண்டுதான்.

முதலில் சின்ன கார் ஒன்றை வரவழைத்தேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கேட் வரைக்கும் வந்தாள், பார்த்தாள், திரும்பிவிட்டாள். சின்ன வண்டி என்று பயப்படுகிறாள் என நினைத்து அடுத்த முறை பெரிய காராகச் சொன்னேன். அதிலும் ஏறவில்லை. கடைசியில் ஆபீஸ் நண்பரிடம் கெஞ்சி அவருடைய புது வண்டியை வாங்கிவந்தேன். சுற்றிலும் காற்றுப்பை, குளுகுளு ஏசி. கதவைத் திறந்து சாத்தி, எவ்வளவு கனம் பார், யானை மோதினாலும் ஒன்றும் ஆகாது என்று அவளுக்குக் காட்டினேன். முட்டி வலிக்கிறது என்று சொல்லி லிஃப்ட் பக்கம் நடந்தாள்.

காலையில் சமையல், பிறகு அவளைக் குளிப்பாட்டுவது, லேப்டாப் முன்னால் மீட்டிங், நடுவில் குக்கர் விசில், மறுபடி மீட்டிங். அந்த மாதங்களில் கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. வற்புறுத்துவதையும் நிறுத்திவிட்டேன். முட்டி அது பாட்டுக்கு இறுகிக்கொண்டிருந்தது.

கணபதி விழா நெருங்கியபோது எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் செக்ரட்டரி வீட்டுக்கு வந்தார். மராட்டிக்காரர், தங்கமான மனிதர். ஆனால் அவருக்கு ஒரு யோசனை உதித்துவிட்டால் யாரும் தப்ப முடியாது. இவளை நலம் விசாரித்துக்கொண்டே ஷோகேஸைப் பார்த்துவிட்டார். ஒவ்வொரு வருஷமும் பிள்ளையார் முன்னால் ஏதாவது ஒரு காட்சி ஜோடிப்பார்கள், தேக்காவா என்பார்கள். வஹினிக்கு, அதாவது அண்ணிக்கு, இப்படி ஆனதிலிருந்து, இந்த வருஷம் சாலைப் பாதுகாப்புதான் என்று கமிட்டியில் பேசிவைத்திருந்தார்களாம். இந்தப் போலீஸ் காரையே ஆள் உட்காரும் அளவுக்குச் செய்து வைத்தால் என்ன என்றார். புனேயில் தமிழன் என்றால் அறுபது வயதுக்காரருக்கும் அண்ணாதான். அண்ணா, நீங்கள்தான் கூட நின்று செய்து தர வேண்டும் என்றார். மறுத்துப் பேசுவதைவிடத் தலையாட்டுவது சுலபமாக இருந்தது.

கசார்வாடியில் ஜன்னல் கிரில் அடிக்கும் ஒரு பட்டறையில் வேலையைக் கொடுத்தோம். இரும்புச் சட்டத்தின்மேல் தகரம் அடித்து வெள்ளைப் பெயின்ட். பட்டறைக்காரர் ஸ்டீயரிங்கை வலது பக்கம் வைத்திருந்தார். அந்த ஊரில் இடது பக்கம் என்று போனில் படத்தைக் காட்டினேன். நம் ஊர்க் குழந்தைகள் வலது பக்கம்தானே போய் உட்காரும் என்றார். விட்டுக்கொடுத்தேன். இரண்டாம் முறை போனபோது பார்த்தால் இரண்டு பக்கமும் கதவே இல்லை, வெறும் திறப்பு. குழந்தைகள் விரலை நசுக்கிக்கொள்ளும் என்று வைக்காமல் விட்டாராம். மேலேதான் திறப்பு, பக்கத்தில் கதவு உண்டு, அப்படியே செய்வதென்றால் செய்யுங்கள் என்று சண்டை பிடித்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த நாள் கதவில்லாமலே டெம்போவில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

பந்தலில் எல்லோருக்கும் அதை ஒரேயடியாகப் பிடித்துவிட்டது. ஸ்டீயரிங் முன்னால் வெள்ளை ஹெல்மெட் மாட்டிய மூஞ்சூறு. பக்கத்து சீட்டைக் குழந்தைகள் எழுந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்வதற்காகக் காலியாக விட்டிருந்தார்கள். மூஞ்சூறு ஓட்டுவதைப் பற்றி யாருக்கும் புகார் இல்லை. கதவு இல்லாததை நான் மட்டும்தான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அடுத்த வீட்டு அம்மாள் இவளை மெல்ல நடத்தி ஆரத்திக்குக் கூட்டிவந்தார். ஆரத்தி முடிந்து கூட்டம் பிரசாதத்தின் பக்கம் ஒதுங்கியது. நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு திரும்பினால், இவள் அந்தக் காரில் உட்கார்ந்திருக்கிறாள். மூஞ்சூறுக்குப் பக்கத்தில், விறைத்த காலைத் திறப்பின் வழியாக வெளியே நீட்டிக்கொண்டு. வாக்கர் பம்பரில் சாய்ந்திருந்தது.

எனக்குப் பதறியது. அவ்வளவு தாழ்வான சீட்டிலிருந்து எப்படி எழுந்திருப்பாள்? நாற்காலிக்கு வா என்றேன். அவள் அசையவில்லை. கதவு இருக்க வேண்டிய இடத்தில் கையை மேலும் கீழும் அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, இதுக்குக் கதவே இல்லீங்களே," என்றாள்.

பட்டறைக்காரர் செய்த கோளாறு என்று என் புகாரை மறுபடியும் ஆரம்பித்தேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"அன்னிக்கு அந்த வண்டீல கதவு தொறக்கவே இல்லீங்க. வெளிய நின்னு எல்லாரும் கண்ணாடியத் தட்டறாங்க, கம்பி வெச்சு நெம்பறாங்க. நான் உள்ள இருந்து அவங்க மூஞ்சியப் பாத்துட்டே இருக்கறேன். கால் வலி கூட அப்பறந்தான் தெரிஞ்சுது."

எனக்கு ஆஸ்பத்திரியிலிருந்துதான் போன் வந்தது. அதற்கு முன்னால் நடந்தது எதுவும் தெரியாது. எக்ஸ்ரே படத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரைந்து காட்டுவேன். இதை நான் கேட்டதே இல்லை.

"நீங்க ஒவ்வொரு வண்டியாக் கூட்டிட்டு வந்தீங்க. அந்தக் கடைசி வண்டிக்கு, கதவு எத்தன கெட்டியாச் சாத்துதுன்னு எனக்குச் சாத்திச் சாத்திக் காமிச்சீங்க," என்றாள்.

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. அப்படிச் சாட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். நாற்காலியைக் கீழே வைத்தேன். பெரியதிலும் பெரியதாக, கெட்டியிலும் கெட்டியாக ஒவ்வொரு பெட்டியாகத் தேடிக் கொண்டுவந்து அவளை அதில் அடைக்கப் பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிட அலுப்பாக இருந்தது, இத்தனை மாதமும் வீண்.

செக்ரட்டரியும் நானுமாக அவளைத் தூக்கி நிறுத்தினோம். லிஃப்டில் ஏறும்போது, நாளைக்கு ஆட்டோ கூப்பிடட்டுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, கூப்பிடுங்க என்றாள்.

மறுநாள் ஆட்டோவில் குறுக்காக உட்கார்ந்து காலை என் மடிமேல் நீட்டிக்கொண்டாள். ஒரு கை கம்பியைப் பிடித்திருந்தது, மறு கை வெளியே. சர்வீஸ் ரோடு வழக்கம்போல நகரவில்லை. புகையில் நான் இருமினேன். அவள் வண்டியிலிருந்து இறங்கிவிடவில்லை, அது போதும் என்றிருந்தது. முட்டி முழுசாக மடங்குமா என்று சென்டரில் இன்றுவரைக்கும் உறுதியாகச் சொல்லவில்லை. பாதியாவது மடங்கும் என்கிறார்கள்.

பாணேர் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, இறங்கிவந்து, பக்கவாட்டில் சுருட்டிக் கட்டியிருந்த தார்ப்பாயை அவிழ்த்து இறக்கப் போனார். என் மடியிலிருந்த விறைத்த கால் இன்னும் விறைத்தது. ராஹூ த்யா காகா, அப்படியே இருக்கட்டும் என்று எனக்குத் தெரிந்த மராட்டியில் சொன்னேன். அவர் எங்கள் இருவரையும் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். சென்டர் போய்ச் சேரும்வரை இரண்டு பேரும் நனைந்துகொண்டே போனோம்.